பூரானுக்கு ஒட்டுப்பொறி: எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது

மடித்தால் சின்னக் கூடாரம் போல நிற்கும் அட்டை. உள்ளே பசை, பசைமேல் உரித்தெடுக்க ஒரு வழவழப்பான தாள். பூரான், கரப்பான், சிலந்தி எல்லாம் படம் போட்டு விற்கிறார்களே, அந்த ஒட்டுப்பொறிதான். வாங்கியவர்களில் பலர் ஒரே வாரத்தில் அலுத்துப்போய்த் தூக்கிப் போடுகிறார்கள். பூரான் கண்ணெதிரே ஓடுகிறது, பொறியோ காலியாகக் கிடக்கிறது என்பது அவர்கள் புகார். புகார் உண்மைதான். ஆனால் பூரானை ஒழித்துக்கட்டுவது இந்த அட்டைக்கு முடியாத வேலை. எந்தக் கதவடி வழியாக வருகிறது, குளியலறையில் தண்ணீர் வடியும் எந்தத் துளையிலிருந்து ஏறுகிறது, வீட்டுக்குள் எதைத் தின்று பிழைக்கிறது என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்டிக்கொடுக்கும் பொருள் வேறு இல்லை. அதற்காக வாங்கினால் கொடுத்த காசு வீண்போகாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. தட்டில் கெட்டியாகப் பசை ஊற்றிய வகை எலிக்கானது, அது வேண்டாம். திறந்து கிடப்பதால் தூசி படிந்து சீக்கிரம் வீணாகும். குழந்தையின் கால், பூனையின் ரோமம், பல்லி என்று வேண்டாததெல்லாம் அதில்தான் மாட்டும். மடிக்கும் வகையில், வாய் 2 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாததாகப் பாருங்கள். பசைமேல் கட்டம் அச்சிட்டிருந்தால் எண்ணுவதற்கு வசதி. ஓர் அட்டையை உரித்து மூலையில் விரல் வைத்து எடுத்தால் பசை நூலாக இழுபட வேண்டும். ஓரம் மஞ்சளாகி இறுகியிருந்தால் அது பழைய சரக்கு. கூடவே வரும் வாசனை வில்லை கரப்பானைத்தான் இழுக்கும். பூரான் உயிருள்ள இரையைத் துரத்திப் பிடிப்பது. வில்லையின் வாசனைக்கெல்லாம் அது வந்து நிற்காது. அதனால் 'பூரானுக்கான சிறப்பு வில்லை' என்று எழுதியிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை.

வைக்கும் இடத்தில்தான் பாதி வெற்றி. பூரான் அறையின் நடுவில் உலாவாது, சுவரும் தரையும் சேரும் ஓரத்தை ஒட்டியே ஓடும். பொறியின் பக்கம் சுவரைத் தொட வேண்டும், இரண்டு வாயும் சுவரோரமாகப் போகும் பாதையைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்தால், அந்த இடைவெளியிலேயே நழுவிப் போய்விடும். வெளிக்கதவின் இரு பக்கமும் ஒவ்வொன்று, குளியலறைத் துளைக்கு அருகே ஒன்று, சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒன்று, துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் ஒன்று, புத்தக அலமாரிக்குக் கீழே ஒன்று. ஆக மொத்தம் ஆறு. தாளை உரிப்பதற்கு முன்பே பேனாவால் இடத்தையும் தேதியையும் எழுதிவிடுங்கள், உரித்த பிறகு எழுதப் போனால் கை ஒட்டிக்கொள்ளும். ஈரத்தரையில் நேரடியாக வைத்தால் அட்டை ஊறித் தொய்ந்துவிடும், பசையில் நீர்ப்படலம் படிந்து எதுவும் ஒட்டாது. அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடியோ உடைந்த டைல்ஸ் துண்டோ போதும். முதல் வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள், பிறகு வாரம் ஒருமுறை. விரலில் ஒட்டும் உணர்வு குறைந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

இனி அட்டையைப் படிப்பது. டார்ச் அடித்துப் பார்த்தால் சில சமயம் உடலே இருக்காது. மயிரிழை போன்ற நீளக் கால்கள் மட்டும், கறுப்பும் வெளுப்புமாக வளையம் போட்டபடி, சீப்புப் பல் உதிர்ந்தது போல ஒட்டிக் கிடக்கும். பொறி தோற்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 15 ஜோடி நீளக் கால்கொண்ட வீட்டுப் பூரான் மாட்டிக்கொண்டால் காலைக் கழற்றிவிட்டுத் தப்பும். அடுத்தடுத்துத் தோல் உரிக்கும்போது கால் திரும்ப முளைக்கும். தப்பினாலும் அது வந்த வழி உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தடித்த, கட்டைக்கால் பூரான் வேறு இனம், பெரும்பாலும் 21 ஜோடிக் கால். அதில் குட்டி ஒட்டிக்கொள்ளும், வளர்ந்தது அட்டையையே இழுத்துக்கொண்டு நகரும். அட்டை வைத்த இடத்திலிருந்து தள்ளிக் கிடந்தால் கையை விடாதீர்கள், நீளமான இடுக்கியால் எடுங்கள். பூரானின் விஷக் கொடுக்கு தலைக்கு அடியில், முதல் ஜோடிக் காலே மாறி அமைந்தது. ஒட்டிக்கொண்ட பூரானும் உயிர் இருக்கும்வரை அதால் குத்தும்.

கூட மாட்டியவையும் முக்கியம். ராமபாணப் பூச்சி நிறைய இருந்தால் அந்த அலமாரியில் ஈரம் தேங்கியிருக்கிறது. 75 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால்தான் அது செழிக்கும். கரப்பான் குஞ்சு வரிசையாக ஒட்டியிருந்தால் கூடு பக்கத்திலேயே இருக்கிறது, பூரானுக்குத் தினச் சாப்பாடும் அங்கேதான். அப்படியானால் முதலில் கரப்பானுக்கு விஷ இரையான ஜெல் வைக்க வேண்டும். மரவட்டை மட்டும் என்றால் பதற வேண்டாம். ஒரு வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால், தொட்டால் சுருளும், கடிக்காது. மழைக்கு மண்ணிலிருந்து ஏறி வருகிறது, காய்ந்த தரையில் தானே செத்துவிடும். பெருக்கித் தள்ளினால் போதும். வெறுங்கையால் மட்டும் நசுக்காதீர்கள், அதன் சாறு தோலில் கறையாகும், கண்ணில் பட்டால் எரியும்.

கதவோரப் பொறிகள் நிறைந்து, உள்ளே இருப்பவை காலியாக இருந்தால் அடுத்து வாங்க வேண்டியது கதவடிப் பட்டை, அதாவது கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும் ரப்பர் அல்லது பிரஷ் பட்டை. இந்த வேலைக்கு விற்கும் எல்லாப் பொருட்களிலும் நிரந்தரப் பலன் தருவது இதுதான், ஆனால் அவசரத்தில் பொருத்திக் கெடுப்பதும் இதைத்தான். கதவைச் சாத்திவிட்டு இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள், மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். வழவழப்பான தரைக்கு ரப்பர், சொரசொரப்பான அல்லது மேடுபள்ளமான தரைக்கு பிரஷ். பிரஷ் என்றால் அடர்த்தியாக, இரட்டை வரிசையாக இருக்க வேண்டும். தட்டை உடம்புக்காரப் பூரான் ஒற்றை வரிசை நாருக்குள் தாராளமாக நுழைந்துவிடும். பிரஷைப் பிடித்திருக்கும் அலுமினியத் தண்டை ஹேக்சா பிளேடால் அறுத்த பிறகு, வெட்டிய முனையை இடுக்கியால் லேசாக நசுக்கிவிடுங்கள். இல்லையென்றால் சில வாரத்தில் பிரஷ் பக்கவாட்டில் வழுகி வெளியே வந்துவிடும். வாசற்படி உயர்ந்திருந்தால் கதவு திறக்கும் பக்கத்தில்தான் பட்டையைப் பொருத்த வேண்டும். மாட்டியபின் விளக்கை அணைத்து மறுபக்கம் டார்ச்சைத் தரையில் வையுங்கள். நாருக்கிடையே ஊசிமுனை வெளிச்சம் வந்தால் பரவாயில்லை. இரு மூலையிலும் கோடாக வெளிச்சம் அடித்தால், பூரான் நுழைய அந்த 5 மி.மீ. வழியே போதும். பெரும்பாலான பட்டைகள் தோற்கும் இடம் அந்த மூலைதான். சின்ன ரப்பர் துண்டை வெட்டி ஒட்டுங்கள்.

குளியலறைப் பொறியில் பூரான் மாட்டினால் அங்குள்ள துளைக்கு சிலிக்கான் ஒருவழி மூடி வாங்கலாம். குழாயின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள், வெளிவிட்டத்தை வைத்து வாங்கினால் பொருந்தாது. தலைமுடியும் சோப்புப் பிசுக்கும் சேர்ந்தால் அதன் உதடு மூடாமல் நிற்கும், அதனால் மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம், 1 முதல் 2 மி.மீ. கண்ணுள்ள எவர்சில்வர் சல்லடையே மேல். புழங்காத குளியலறையில் எதுவும் வாங்காமலே பாதி வேலையை முடிக்கலாம். துளைக்கு அடியில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் பூச்சிக்கான தடுப்பு, அது வற்றினால் வழி திறந்துவிடும். வாரம் ஒரு குவளை ஊற்றுங்கள்.

வெள்ளைப் பொடியாக வரும் டயட்டமேசியஸ் எர்த் நல்ல பொருள், தவறான இடத்தில் தூவப்படும் பொருளும் அதுவே. பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகுப் படலத்தை உறிஞ்சிக் கீறி, உடம்பை வற்றவைத்துக் கொல்கிறது. நனைந்த பொடி எதையும் செய்யாது. பூரான் விரும்புவதோ ஈரத்தை. ஆக, குளியலறையில் வேண்டாம். காய்ந்த கதவுநிலை விரிசல், சுவிட்ச் பெட்டி ஓரம், அலமாரியின் பின்புறம் சரியான இடம். பிதுக்கும் பாட்டிலில் பாதி மட்டும் நிரப்பி, குலுக்கி, தரையின் நிறம் மறையாத அளவு மெல்லப் பாய்ச்சுங்கள். குவித்தால் பூச்சி சுற்றிக்கொண்டு போகும். மூக்கில் துணியோ முகக்கவசமோ அவசியம். நீச்சல்குள வடிகட்டிக்கான சுட்டெடுத்த வகையை வீட்டுக்குள் தூவக் கூடாது, நுரையீரலுக்குக் கெடுதல்.

ஸ்பிரே டப்பா நேராக அடித்தால் கொல்லும். சுவரோரம் அடித்துவைத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்குத்தான் ஏமாற்றம். பூசாத சிமென்ட் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், நீளக் கால் பூரானோ உடம்பு தரையில் படாமல் ஓடும். ஜெல் வைத்த இடத்துக்கு அருகே அடித்தால் கரப்பான் ஜெல்லைச் சீண்டாமல் விலகிப்போகும், அதுவும் நஷ்டம். பெர்மெத்ரின் கலந்தது என்றால் பூனை வளர்க்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம், பூனையின் கல்லீரலால் அதைச் சரிவரச் சிதைக்க முடியாது. மீன்தொட்டி இருந்தால் மூடி, காற்று பம்ப்பை நிறுத்திவிட்டுத்தான் எந்த ஸ்பிரேயும். சாக்பீஸ் வடிவ மருந்துக்கோலைக் குழந்தை எழுதுகோல் என்று எடுத்துவிடும், அதைத் தவிருங்கள்.

பூச்சியை விரட்டும் என்று விற்கும், பிளக்கில் செருகும் அல்ட்ராசவுண்டு கருவி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்வதாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது.

ஒட்டுப்பொறியின் உண்மையான குறை, அது ஆள் பார்த்துப் பிடிக்காது என்பது. பல்லி மாட்டினால் பிய்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும். ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சமையல் எண்ணெய் சில சொட்டு விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். பசை இளகியதும் பஞ்சால் மெல்லத் தள்ளினால் கழன்றுவரும். தரையில் பசை பட்டாலும் இதே வைத்தியம்தான்: முதலில் எண்ணெய், பிறகு காய்ந்த துணி, கடைசியில் சோப்பு நீர். தண்ணீரை முதலில் ஊற்றினால் பசை நகராது.