மணல் புகுந்த கேமரா: வீட்டில் பிரிப்பதா, கடையில் கொடுப்பதா?

கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குப் போய்வந்த சிறிய டிஜிட்டல் கேமராக்களில் அடிக்கடி வரும் கோளாறு இது: லென்ஸ் பாதி நீண்டு அப்படியே நின்றுவிடும். பெரும்பாலும் உள்ளே மணல்தான். உடனே எழும் கேள்வி, நாமே பிரித்துப் பார்க்கலாமா என்பது.

செலவு
வீட்டில்: நுண்ணிய திருப்புளி, இடுக்கி, காற்றூதும் ரப்பர் பந்து போதும்.
கடையில்: கூலியும் உதிரிபாக விலையும் சேர்ந்தால், பழைய கேமராவின் மதிப்பையே தாண்டிவிடலாம்.

ஆபத்து
வீட்டில்: இதில் நான் கண்டிப்பானவன். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஃபிளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியில் ஏறக்குறைய 300 வோல்ட் தங்கியிருக்கலாம். மூடிக்குள் உருளையாகப் படுத்திருக்கும்; அதன் முனைகளில் விரல் பட்டால் உதறித் தள்ளிவிடும். மின்தடையம் (ரெசிஸ்டர்) வைத்து அந்த மின்சாரத்தைப் பாதுகாப்பாக வெளியேற்றத் தெரியாதவர் மூடியைத் திறக்கவே கூடாது.
கடையில்: அவர்களுக்கு அன்றாட வேலை.

கைத்திறன்
வீட்டில்: உள்ளே பாகங்களை இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளின் பூட்டு மிகச் சிறியது, அழுத்தினால் ஒடியும். திருகுகளின் நீளமும் வேறுபடும். கழற்றிய வரிசையிலேயே டேப்பில் ஒட்டி வையுங்கள்.
கடையில்: காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

உத்தரவாதம் உள்ளதும், விலை உயர்ந்ததும் கடைக்கே போகட்டும். உப்புநீரில் விழுந்ததும் அப்படியே. அதை இயக்கிப் பார்க்காமல் பேட்டரியை உடனே எடுத்துவிடுங்கள். உத்தரவாதம் முடிந்து, மணல் மட்டுமே சிக்கிய கேமராவை வீட்டில் பார்க்கலாம். முதலில் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, இடுக்குகளில் காற்றை ஊதுங்கள். சில நேரம் பிரிக்காமலேயே சரியாகிவிடும்.