சோலார் பெட்டியா, பஜார் ஸ்பீக்கரா? கிராம ஊழியத்துக்கு வாங்கப் போகிறவர்களுக்கு

எங்கள் சபை தண்டையார்பேட்டையில். சனிக்கிழமைகளில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து மீஞ்சூர், பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு பக்கம் என்று கிராம ஊழியத்துக்குப் போகிற சின்னக் குழு ஒன்று இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவர்கள் வேதாகமத்தை வீட்டில் வைத்துக் கேட்பதற்காகக் கொடுக்கிற ஆடியோ பெட்டி வாங்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்தது. காணிக்கைப் பணத்துக்கு முன்னால் இரண்டு வழி இருந்தன. ஒன்று, ஊழியத்துக்கென்றே தயாராகும் பெட்டி. முதுகில் சோலார் தகடு, உள்ளே வேதாகமம் பதிந்தே வரும். இன்னொன்று, பர்மா பஜாரில் கிடைக்கும் மெமரி கார்டு ஸ்பீக்கர். நாங்கள் வாங்கியது பஜார் ஸ்பீக்கர். மற்ற சபைக்காரர்கள் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். விலையில் பஜார் ஸ்பீக்கர்தான் மலிவு, அதில் பேச்சே இல்லை; ஒரு சோலார் பெட்டிக்கு ஆகும் காசில் இதைப் பல வீட்டுக்குக் கொடுக்கலாம். சத்தத்தில் சோலார் பெட்டி தெளிவு, பேச்சுக்காகவே செய்தது என்பது கேட்டவுடனே தெரிகிறது. பஜார் ஸ்பீக்கரில் பாஸ் அதிகம், வாசிப்பவர் குடத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்கும். உழைப்பிலும் வெளித்தோற்றத்திலும் சோலார் பெட்டிதான் கெட்டி. கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது.

ரேடியோவையும் போனையும் ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். சீஷெல்ஸ் தீவிலிருந்து வந்த ஃபெபா என்ற கிறிஸ்தவ வானொலியின் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். அந்த நிலையம் 2003-ல் நின்றது. இலங்கைப் புத்தளத்திலிருந்து மத்திய அலையில் கிறிஸ்தவ ஒலிபரப்பு இன்னும் வருகிறது என்றாலும், மத்திய அலை எடுக்கிற ரேடியோ எந்த வீட்டில் இருக்கிறது? இப்போது விற்பவற்றில் பல எஃப்.எம் மட்டும்தான் எடுக்கும். போன் விஷயம் வேறு. வேதாகமத்தையும் கதைகளையும் ஒலியாகக் கேட்க பைபிள்.இஸ், 5ஃபிஷ் மாதிரி செயலிகள் இலவசம், நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நாங்கள் போகிற வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான் இருக்கும், அது காலையில் ஆம்பிளையோடு வேலைக்குப் போய்விடும். பகலில் வீட்டில் இருப்பது ஆயாவும் சின்னப் பிள்ளைகளும். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான் இந்த வேலையே, அவர்கள் கையில் போன் இல்லை.

இந்த ஊழியத்தின் பழைய கதையைப் பார்த்தாலே பிரச்சினை எங்கே இருக்கிறது என்று புரியும். ஜாய் ரிடர்ஹாஃப் என்ற அம்மா ஹோண்டுராஸில் மிஷனரியாக இருந்து, உடம்பு முடியாமல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்பி, தான் விட்டுவந்த கிராமங்களுக்காக ஸ்பானிய மொழியில் ஒலித்தட்டு பதிந்ததில் ஆரம்பித்தது காஸ்பல் ரெக்கார்டிங்ஸ் என்ற அமைப்பு, வருஷம் 1939. இன்று குளோபல் ரெக்கார்டிங்ஸ் நெட்வொர்க் என்று பெயர், 6,000-க்கும் மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் பதிவுகள் இருக்கின்றன. அவர்கள் ஒலித்தட்டு பதிந்ததோடு நிற்கவில்லை. அதைக் கரண்ட் இல்லாத ஊரில் எதில் போட்டுக் கேட்பது என்ற கேள்விக்கு அட்டையை மடித்தே ஒரு பிளேயர் செய்தார்கள், கார்டுடாக் என்று பெயர். பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது, பென்சில் மாதிரி ஒரு குச்சியை வைத்துக் கையால் தட்டைச் சுற்ற வேண்டியதுதான். அப்புறம் கைப்பிடி சுற்றும் கேசட் பிளேயர், அதற்கப்புறம் சோலார், டிஜிட்டல். செய்தி பதிவதைவிட, பெட்டி ஊருக்குப் போன பிறகு அதை உயிரோடு வைப்பதுதான் பெரிய பாடு என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

எனக்கும் முடிவைத் தீர்மானித்தது அதுதான். பேட்டரி. சத்தம், விலை, உள்ளடக்கம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் இது ஒன்றே கீழே இறங்கும்.

லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் அது செத்துவிடும், திரும்பச் சார்ஜ் ஏறாது. கிராமத்தில் ஆடியோ பெட்டிக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். கொடுத்த புதிதில் அக்கம்பக்கம் எல்லாம் வந்து கேட்கும். நாற்று நடவு வந்தால், மீன் நன்றாகப் பட்டால், பெட்டி பரணுக்குப் போகும். மறுபடி எடுக்கும்போது ஓடாது. சோலார் தகடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் வெயிலில் வைத்தால்தானே? வெளியே வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து விலை உயர்ந்த பெட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். பழவேற்காடு பக்கம் ஒரு வீட்டில் கருவாடு காயவைக்கும் வலை மேலேயே பெட்டியையும் வைத்திருந்தார்கள், அது நல்ல யோசனைதான், ஆனால் தகட்டின் மேல் உப்பும் செதிலும் படிந்து கண்ணாடியே தெரியவில்லை. ஏரிக்கரை ஊர்களில் உப்புக்காற்று சார்ஜ் பின்னைச் சும்மா விடுவதில்லை, சில மாதத்தில் பச்சை பூத்துவிடும்.

சரி, பேட்டரி செத்துவிட்டது, அடுத்து என்ன? இங்கேதான் இரண்டு பெட்டியும் பிரிகிறது. சோலார் பெட்டி தண்ணீர், தூசி போகாதபடி இறுக்கி மூடியது. திறந்தால் பேட்டரியின் ஒயரைப் போர்டில் பற்றவைத்திருப்பார்கள். பொன்னேரியில் ஒரு மொபைல் கடைத் தம்பியிடம் கொடுத்தோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் பிரிச்சா நான் மாட்டிக்குவேண்ணா" என்று கையில் கொடுத்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை. அந்தப் பெட்டி எங்கிருந்து வந்ததோ அங்கேதான் திருப்பி அனுப்ப வேண்டும், போய்வருகிற செலவையும் நாளையும் கணக்குப் போட்டால் யாரும் அனுப்ப மாட்டார்கள். நாங்களும் அனுப்பவில்லை.

பஜார் ஸ்பீக்கரில் பின்மூடியை நகத்தால் தள்ளினால் திறக்கும். உள்ளே இருப்பது பிஎல்-5சி. ஆமாம், பழைய நோக்கியா 1100-ல் இருந்த அதே பேட்டரி, 3.7 வோல்ட். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையே 2014-ல் மூடிவிட்டார்கள், இந்தப் பேட்டரி மட்டும் சாகவில்லை. கும்மிடிப்பூண்டி போகிற வழியில் எந்த ஊர் மொபைல் கடையிலும், சில இடத்தில் பெட்டிக்கடையிலும்கூட, தொங்கிக்கொண்டிருக்கும். டூப்ளிகேட்தான், சீக்கிரம் உப்பிவிடும், ஆனால் கிடைக்கிறது. போன முறை ஒரு ஆயா வீட்டில் பெட்டி பாடிக்கொண்டிருந்தது, பேட்டரி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது எப்பவோ பூட்ச்சுப்பா, பேரன் வேற வாங்கியாந்து போட்டுக்கினான்" என்றார். இதற்கு எங்களுக்குத் தகவலே இல்லை. எங்களைக் கேட்காமல், எங்களுக்காகக் காத்திருக்காமல் அந்த வீட்டிலேயே சரிசெய்துகொண்டார்கள். இது எனக்குப் போதும்.

வாங்கும்போது ஒன்று பாருங்கள், எல்லா ஸ்பீக்கரிலும் பிஎல்-5சி கிடையாது. சிலவற்றில் உருளையான 18650 செல் பற்றவைத்திருக்கும். அது அதிக நேரம் ஓடும், ஆனால் மாற்ற ஆள் வேண்டும். கடையிலேயே மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அடுத்தது பூட்டு. சோலார் பெட்டியில் பதிந்ததை அழிக்க முடியாது, அதுவே அதன் பெருமை என்று காணிக்கை கொடுப்பவர்களிடம் சொல்வார்கள். மெமரி கார்டு என்றால் சினிமாப் பாட்டு ஏற்றிவிடுவார்களே என்பது எங்கள் சபையிலும் எழுந்த கேள்வி. ஏற்றத்தான் செய்கிறார்கள். கானா, குத்துப் பாட்டு, அம்மன் பாட்டு, எல்லாம் இருக்கிறது. சபை மூப்பர்கள் சிலருக்கு இது பெரிய மனவருத்தம். எனக்கு இல்லை, ஏனென்றால் பாட்டுக் கேட்கிற பெட்டியைத்தான் வீட்டில் தினமும் சார்ஜில் போடுகிறார்கள். நம் செய்தி மட்டும் இருக்கிற பெட்டியைச் சார்ஜ் போட அந்த வீட்டில் யாருக்கும் அவசரம் கிடையாது. பேரன் பாட்டுக்காகச் சார்ஜ் போடுகிறான், சாயங்காலம் ஆயா அதே பெட்டியில் வேதாகமத்தின் சங்கீதங்களைக் கேட்கிறார். வேண்டாம் என்றால் அழித்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருப்பதும் நியாயம்தான். அழிக்கவே முடியாத ஒன்றை ஒருவர் வீட்டில் வைத்துவிட்டு வருவது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

கார்டில் இன்னொரு வசதி, ஊருக்கு ஏற்றபடி மாற்றலாம். ஆந்திர எல்லை ஓரக் கிராமங்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய, அவர்களுக்குத் தெலுங்கு ஃபோல்டர் போடுகிறோம். புதிய ஏற்பாடு 260 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்றாலும் முக்கால் வருஷம் ஆகும், பழகாத காதுக்கு நேராக அதைக் கொடுத்தால் ஓடாது. நான்கைந்து நிமிஷக் கதைகள், பேச்சு வழக்கில், நடுவில் பாட்டு, இதுதான் எடுபடுகிறது. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) மோனோ தரம் தாராளம், ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி அளவுதான் வரும். 8 ஜிபி கார்டிலேயே 250 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். பெரிய கார்டு வாங்காதீர்கள், 64 ஜிபி கார்டைப் பல மலிவுப் பெட்டிகள் படிக்கவே படிக்காது.

இதில் பஜார் ஸ்பீக்கரின் கிறுக்குத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபைலுக்கு 01, 02 என்று எண் போட்டாலும் அது கண்டுகொள்ளாது, கார்டில் எது முதலில் ஏறியதோ அதுதான் முதலில் பாடும். மொத்தமாக இழுத்துப் போட்டால் உயிர்த்தெழுதல் முடிந்து பிறப்பு வரும். காலி கார்டில் ஒவ்வொன்றாக, வரிசையாக ஏற்றுங்கள், பொறுமை வேண்டிய வேலை, வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். அதோடு பல பெட்டிகள் அணைத்துப் போட்டால் திரும்ப முதல் ஃபைலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை முதலில் வைக்காதீர்கள், சிலர் அதைத் தாண்டவே மாட்டார்கள். கெட்டுப்போன குமாரன் கதையை நாங்கள் முதலில் வைக்கிறோம், எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காது. சோலார் பெட்டியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சத்தமாக வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு பெட்டியையும் தெருமுனையில் வைத்து அலறவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது ஒரு பக்கம், கோயில் திருவிழா நடக்கிற ஊரில் போய் நம் பெட்டியைத் திருகுவது வம்பை விலைக்கு வாங்குவது. திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கிற அளவு போதும். புயல் நிவாரண அரிசி மூட்டையோடு சேர்த்துப் பெட்டியைக் கொடுக்கிற வழக்கமும் வேண்டாம். அரிசிக்காக வாங்கிக்கொள்வார்கள், நமக்கும் கெட்ட பெயர். கேட்டவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் சோலார் பெட்டிதான் சரி என்கிற இடம் ஒன்று உண்டு. புறம்போக்கில் இருக்கும் இருளர் குடியிருப்புகள். பட்டா இல்லை, அதனால் பல இடத்தில் கரண்ட் இணைப்பு இல்லை. சீசனில் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். சார்ஜ் போட இடமே இல்லாதவர்களுக்கு பிஎல்-5சி இருந்தென்ன, எது இருந்தென்ன. சூளையில் வெயிலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பக்கம் எங்கள் குழு அதிகம் போனதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். கைப்பிடி சுற்றுகிற வகையும் அங்கே உதவலாம், நாங்கள் பார்த்த ஒன்றைப் பிள்ளைகள் வெறித்தனமாகச் சுற்றி உள்ளே சக்கரத்தின் பல் தேய்ந்துபோயிருந்தது, ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. பஜார் ஸ்பீக்கர் எத்தனை வருஷம் தாங்கும் என்பதும் இன்னும் தெரியாது, ஸ்பீக்கர் காகிதம் உப்புக்காற்றில் கிழிவதைப் பார்க்கிறோம், அது கிழிந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அதனால் காணிக்கையில் பெரும் பகுதியைப் பஜார் ஸ்பீக்கருக்கும் கூடவே ஒவ்வொன்றுக்கும் ஒரு உபரி பேட்டரிக்கும் போட்டோம். மீதியில் இரண்டே இரண்டு சோலார் பெட்டி வாங்கியிருக்கிறோம். தை முடிந்து சூளை வேலை மும்முரமானதும் ஊத்துக்கோட்டைப் பக்கம் கொண்டுபோவதாகத் திட்டம். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஊழியம் செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், சூளையில் அது எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள்.