அப்பளக் கூடத்தில் நீராவிக் குழாயைக் கழற்றிவிட்டு இன்ஃப்ராரெட் பலகை மாட்டினேன்

ஐப்பசி, கார்த்திகையில் அப்பளம் இடுகிறவர்களுக்குத்தான் தெரியும், வெயில் இல்லாத ஒரு நாள் என்ன பாடு படுத்தும் என்று. கல்லிடைக்குறிச்சியில் மாமனார் காலத்து ரைஸ் மில்தான் எங்கள் அப்பளக் கூடம். நெல் அவிப்பை நிறுத்தி வருடங்கள் ஆகின்றன. மழைக்காலத்தில் அப்பளம் காயவைக்க மட்டும் அந்தப் பழைய பாய்லரை எரித்து, நீராவியைச் சுவரோரக் குழாயில் ஓடவிடுவோம். போன புரட்டாசியில் அதை எடுத்துவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து ஆள் வரவழைத்து, கரண்டில் சூடு வீசும் இன்ஃப்ராரெட் பலகைகள் மாட்டினேன்.

கூடத்தின் உயரம் 20 அடி. குழாய் சூடாக்குவது காற்றை. சூடான காற்று நேரே ஓட்டுக்கு ஏறிவிடும். உத்தரத்தில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், தட்டியில் பரப்பிய அப்பளம் சவசவ என்று கிடக்கும். குழாயில் தங்கிய தண்ணீரை வடிக்க மறந்தால், அடுத்து வரும் நீராவி அதைத் தள்ளிக்கொண்டு போய் டங் டங் என்று இடிக்கும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் பாய்லருக்கு எரிக்க வைத்திருந்த உமி மொத்தமும் நனைந்து, இட்டு வைத்த அப்பளம் அத்தனையும் பூசணம் பூத்துவிட்டது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பலகைச் சூடு வெயில் மாதிரி. காற்றை விட்டுவிட்டு, எதிரே கிடக்கும் பொருள் மேல் நேராக விழும். முதல் நாள் எங்கள் பாய்லர் அண்ணாச்சி கீழே நின்று புறங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "தாயி, இது மாசி வெயிலுல்லா!" என்றார்.

ஆனால் முதலில் தட்டிக்கு இரண்டடி மேலே மாட்டிவிட்டார்கள். நடுவில் இருந்த அப்பளம் ஓரம் சுருண்டு கிண்ணம் போல ஆகிவிட்டது; விளிம்பில் கிடந்தது ஈரம். போன் செய்ததும் மறுநாளே வந்து நான்கடிக்கு உயர்த்தி, இடைவெளியையும் சரிசெய்தார்கள். தனிக் காசு கேட்கவில்லை. தேக்கு உத்தரத்தில் ஓர் ஆணி கூட அடிக்காமல் இரும்புச் சட்டம் நட்டு, சங்கிலியில் தொங்கவிட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றித்தான் வாயே திறக்கவில்லை. அப்பளத்தில் இருந்து கிளம்பும் ஈரம் வெளியே போகாவிட்டால் எந்தச் சூடும் பிரயோசனமில்லை. நானாக இரண்டு போட்டேன். நீங்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எட்டுப் பலகை, ஒவ்வொன்றும் 750 வாட், மணிக்கு 6 யூனிட். உமியைவிடச் செலவு கூடத்தான். ஆனால் வெயில் வந்த நிமிடமே அணைத்துவிடலாம். பாய்லருக்கு வருடாவருடம் சோதனை, சான்றிதழ் என்ற அலைச்சலும் இல்லை. கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும், அதற்கு இன்னும் வழி செய்யவில்லை.

பாய்லர் அண்ணாச்சியை நான் அனுப்பவில்லை. பலகையில் உளுந்து மாவுத்தூசி படிந்தால் கருகல் வாடை அப்பளத்தில் ஏறும் என்று கண்டுபிடித்ததே அவர்தான். வாரம் இரண்டு முறை, நன்றாக ஆறிய பிறகு, உலர்ந்த வேட்டித் துணியால் துடைத்துவிடுகிறார்.