பழைய ஆம்ப் எங்கே வாங்கலாம்? வீட்டிலா, கடையிலா, ஜப்பான் பெட்டியா?

சென்னையில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்க மூன்று வழி உண்டு. வைத்திருப்பவர் வீட்டுக்கே போய் வாங்கலாம். சர்வீஸ் செய்து விற்கும் கடையில் வாங்கலாம். இல்லையென்றால் ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய 100 வோல்ட் செட்டை வாங்கலாம். மூன்றிலும் வாங்கியிருக்கிறேன், ஏமாந்தும் இருக்கிறேன்.

எனக்குப் பிடித்தது வீடுதான். ஆம்ப் அங்கே ஸ்பீக்கரோடு இணைத்தே இருக்கும், பாடவிட்டுக் கேட்கலாம். நான் வருவதற்கு முன் ஆன் செய்துவைக்க வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுவேன். குளிர்ந்த நிலையில் ஸ்விட்ச் போட்டால்தான் அதன் நோய் தெரியும். ரிலே, அதாவது ஸ்பீக்கரை இணைத்துவிடும் உள் ஸ்விட்ச் உள்ள ஆம்பில், சில விநாடிகளில் ‘டக்’ என்று அதன் சத்தம் கேட்க வேண்டும். பிறகு வால்யூமைக் கிட்டத்தட்ட கிசுகிசு அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள். ரிலேயின் காண்டாக்டில் கறை ஏறியிருந்தால் அந்த அளவில் ஒரு பக்கம் ஊமையாகிவிடும், சத்தத்தைக் கூட்டினால் திரும்பி வந்துவிடும். விற்பவர் ஆசையாக உரக்க வைத்துக் காட்டும்போது இந்தக் குறை காதில் விழவே விழாது. குமிழைத் திருப்பும்போது வரும் கரகர சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காண்டாக்ட் கிளீனரில் போய்விடும். ஆனால் பேரம் பேசும்போது அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

பையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, அந்த முனைகளில் டிசி வோல்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் தாராளமாகக் காட்டினால் அவுட்புட் பக்கம் வேலை இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பீக்கரும் சேர்த்து வாங்குவதானால், வலையைக் கழற்றி கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் விளிம்பு நம் ஊர் ஈரக்காற்றில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு தாங்கும்.

வீட்டில் வாங்கும்போது பெரும்பாலும் கிடைப்பவை சோனோடைன், காஸ்மிக், நார்ஜ் போன்ற நம் நாட்டு ஆம்ப்கள். பார்வைக்குச் சுமார்தான். ஆனால் 230 வோல்ட்டுக்கே செய்தவை. பலவற்றில் 2N3055 மாதிரி எங்கும் கிடைக்கும் டிரான்சிஸ்டர்தான் இருக்கும் என்பதால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போனால் பழுது பார்த்துவிடலாம்.

கடையில் விலை கூடுதல். கூடுதலாகக் கொடுக்கும் காசு மெக்கானிக்குக்காக. அந்த மெக்கானிக் நிஜமாகவே வேலை செய்தாரா என்பதுதான் கேள்வி. ‘ஃபுல் சர்வீஸ்’ என்று ஒரு கடையில் கொடுத்த ஆம்பை வீட்டில் திறந்து பார்த்தால், முகப்பை மட்டும் பளபளவென்று துடைத்திருந்தார்கள். உள்ளே பழைய கெப்பாசிட்டர்கள் தூசியோடு அப்படியே இருந்தன. அதிலிருந்து, கழற்றிய பாகங்களைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன். அவுட்புட் டிரான்சிஸ்டர் மாற்றினோம் என்றால் இன்னும் உஷார். ஜப்பான் ஆம்ப்களில் வரும் பல சான்கென் கம்பெனி டிரான்சிஸ்டர்களும் சான்யோவின் எஸ்டிகே ஐசிகளும் உற்பத்தி நின்றுபோனவை, சந்தையில் போலிகள் ஏராளம்.

இனி ஜப்பான் செட். அழகில் இதை அடித்துக்கொள்ள முடியாது. கனமான அலுமினிய முகப்பு, ஆடும் மீட்டர் முள். சிக்கல் பின்பக்கம் ‘100V’ என்று எழுதியிருப்பதில் இருக்கிறது. நேரடியாக நம் பிளக்கில் செருகினால் ஃபியூஸ் போவதோடு தப்பித்தால் அதிர்ஷ்டம். சரி, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம் என்றால், கடைகளில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 110 வோல்ட்டுக்கானது. ராத்திரி லைன் 245-க்கு ஏறினால் அது 117 வோல்ட் தரும். நாற்பது வயது கெப்பாசிட்டருக்கு இது தேவையில்லாத சுமை. நான் அப்படித்தான் ஒரு கோடையில் ஒரு செட்டைத் தொட முடியாத சூட்டில் ஓட்டி, ஒரு சேனலை இழந்தேன். 100 வோல்ட்டுக்கென்றே சுற்றச் சொல்லி வாங்குங்கள். செலவையும் ஆம்பின் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

டியூனரோடு வந்தால் இன்னொரு வேடிக்கை. ஜப்பானில் பழைய எஃப்எம் எல்லை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ். நம் சென்னை எஃப்எம் நிலையங்கள் 98.3-ம் 106.4-ம் அதில் வராது. டர்ன்டேபிளில் வேறு கதை. டோக்கியோ பக்கம் மின்சாரம் நம் ஊர் போலவே 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. மின்சாரத்தின் இந்த ஹெர்ட்ஸ் கணக்கை நம்பிச் சுழலும் மோட்டார் கொண்ட பெல்ட் டர்ன்டேபிள், 60-க்கான புல்லியோடு வந்தால் இங்கே நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் சுமார் 28 சுற்றில் இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர இதை மாற்றாது. 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 மாதிரி குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடுபவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை, வோல்டேஜை மட்டும் பார்த்தால் போதும்.

முதல்முறை வாங்குபவருக்கு வீடு என்றுதான் சொல்வேன். நம்பகமான மெக்கானிக் கிடைத்த பிறகு ஜப்பான் பக்கம் போகலாம். மெக்கானிக்கைத் தேட நேரமில்லாதவருக்குக் கடை, ஆனால் கியாரண்டியைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

விற்கும்போதும் இதே கணக்குதான். 230 வோல்ட் செட்டுக்கு அன்றே போன் வருகிறது. கடைக்காரர் கேட்கும் விலை அடிமாட்டு விலை, ஆனால் கையோடு காசு. என்னுடைய 100 வோல்ட் செட்டைச் சரிசெய்து விற்பனைக்கு வைத்து நான்கு மாதமாகிறது. பார்க்க வருபவர்கள் மீட்டர் முள்ளை ரசித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்து, “இதையும் தூக்கிட்டுப் போகணுமா சார்?” என்கிறார்கள்.