ரியல்டெக் 8723பிஇ வைஃபை கார்டு: லினக்ஸில் பல வருடங்கள் ஓட்டிய அனுபவம்

ரியல்டெக் 8723பிஇ கார்டு உள்ள லேப்டாப்பில் லினக்ஸ் போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். பத்து வருடங்களுக்கு முன்பு வந்த விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் இந்தக் கார்டு இருந்தது. அவற்றில் நிறைய இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அந்தக் காலத்து ப்ராசசர்களை ஏற்பதில்லை. வைஃபை வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரும் அப்படிப்பட்ட மெஷினைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். என்னுடையதில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது, தினமும் அதில்தான் வேலை.

லினக்ஸ் போட்டவுடன் வருகிற அறிகுறிதான் பலரைக் குழப்புகிறது. வைஃபை ஐகான் வரும், கார்டும் தெரியும். ஆனால் பட்டியலில் நம் ரூட்டர் மட்டும் ஒற்றைக் கோட்டோடு நிற்கும், பக்கத்து வீட்டு நெட்வொர்க் எதுவும் இருக்காது. ரூட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நெட் ஓடும், அடுத்த அறைக்குப் போனால் அறுந்துவிடும். டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, கண்ட இடத்தில் டிரைவர் தேடி இறக்க ஆரம்பிப்பார்கள். தேவையே இல்லை. இந்தக் கார்டுக்கான டிரைவர் 2014 முதலே லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கிறது. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கே ஆப்ஷனோடு கொடுத்துப் பாருங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியின் கீழே ஆர்டிஎல்8723பிஇ என்று டிரைவர் பெயர் வந்தால் அந்தப் பக்கம் எல்லாம் சரி. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கே என்று லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றியதும் தெரிந்தது. கட்டை விரல் அகலத்துக்கு ஒரு சின்னப் பச்சைக் கார்டு. அதன் ஓரத்தில் பொட்டு வைத்த மாதிரி இரண்டு குட்டித் தங்க நிற வட்டங்கள், ஆன்டெனா கம்பி மாட்டுவதற்கு. ஒன்றில் கறுப்புக் கம்பி மாட்டியிருந்தது, இன்னொன்று காலி. லேப்டாப் தயாரித்தவர்கள் செலவைக் குறைக்க ஒரே ஒரு ஆன்டெனா வைத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை, இந்தக் கார்டுக்கு ஒன்றே போதும். ஆனால் எந்த வட்டத்தில் கம்பி இருக்கிறது என்று கார்டுக்குள் ஒரு குறிப்பு பதிந்திருக்கும். அந்தக் குறிப்பு காலி வட்டத்தைக் காட்டினால், டிரைவர் அதை நம்பி, கம்பியே இல்லாத முனையில் சிக்னல் தேடும். பக்கத்தில் இருக்கும் ரூட்டர் மட்டும் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

கம்பியை எடுத்து மற்ற வட்டத்தில் மாட்டிவிடலாமே என்று தோன்றும். சிலர் செய்கிறார்கள். ஆனால் வாரன்டியில் உள்ள மெஷினென்றால் அது போய்விடலாம். அதே லேப்டாப்பில் விண்டோஸும் வைத்திருந்தால், அந்தப் பக்கம் வைஃபை கெட்டுவிடும். அதனால் கம்பியைத் தொடாமல் டிரைவரிடம் சொல்வதுதான் நல்ல வழி. அதற்கென்றே 2016இல் ஆன்ட்_செல் என்று ஒரு ஆப்ஷன் டிரைவரில் சேர்க்கப்பட்டது. மோட்ப்ரோப் கட்டளையால் ஆர்டிஎல்8723பிஇ மாட்யூலை (அதாவது டிரைவரை) கர்னலிலிருந்து அகற்றிவிட்டு, ஆன்ட்_செல்=2 என்று சேர்த்து மறுபடி ஏற்றுங்கள். சரியாக வரவில்லையென்றால் 2க்குப் பதில் 1 போட்டுப் பாருங்கள். என் மெஷினில் 2 போட்டதும், மைனஸ் 85 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) பக்கம் கிடந்த சிக்னல் மைனஸ் 50க்கு வந்தது. தெருவில் உள்ள நெட்வொர்க்குகள் எல்லாம் பட்டியலில் வந்து நின்றன. டிபிஎம் கணக்கில் 3 கூடினாலே சக்தி இரு மடங்கு என்பதால், 35 கூடியது என்றால் எத்தனை ஆயிரம் மடங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எந்த எண் ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு, அதை மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் ஒரு கான்ஃப் ஃபைலில் ஒரே வரியாக எழுதி வைத்துவிட்டால் போதும். ரீஸ்டார்ட் செய்தாலும், கர்னல் அப்டேட் ஆனாலும் அது நிலைத்திருக்கும்.

அடுத்த தொல்லை பவர் சேவிங். சிக்னல் முழுசாக இருக்கும், ஆனால் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு வந்தால் பக்கம் திறக்காது. வைஃபையை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும். கார்டு தூங்கப் போய், எழுந்திருக்கத் தாமதமாகிறது. இரண்டு இடத்தில் இதைச் சரிசெய்ய வேண்டும். ஏற்கெனவே எழுதிய அதே வரியில் ஐபிஎஸ்=0, எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0 என்று சேர்த்தால் டிரைவர் கார்டைத் தூங்கவைப்பதை நிறுத்திவிடும். அப்புறம் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப் ஃபைலில் வைஃபை.பவர்சேவ் என்ற மதிப்பு 3 என்று இருந்தால் 2 ஆக்க வேண்டும். 3 என்றால் பவர் சேவிங் ஆன், 2 என்றால் ஆஃப். பேட்டரி சற்றுக் குறையத்தான் செய்யும். எனக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆன்லைன் மீட்டிங்கில் பாதிப் பேச்சில் அறுந்து போவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தக் கார்டு உள்ள சில லேப்டாப்களில் இன்னொன்றும் நடக்கும், வெளியே தெரியாது. பிசிஐஇ பஸ் எரர், சிவியரிட்டி கரெக்டட் என்ற செய்தி லாக் ஃபைலில் இடைவிடாமல் விழுந்துகொண்டே இருக்கும். தவறு தானாகவே திருத்தப்பட்டுவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் லாக் ஃபைல் ஊதிப்போய் டிஸ்க்கையே நிரப்பிவிடும். பூட் ஆப்ஷனில் பிசிஐ=நோஏஇஆர் என்று போட்டால் செய்தி மட்டும் நிற்கும். பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் என்று போட்டால் பெரும்பாலும் காரணமே போய்விடும், கொஞ்சம் பேட்டரி செலவாகும். நான் இரண்டாவதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஆன்ட்_செல் ஆப்ஷனைப் பற்றிச் சொல்லும்போது, அதைச் சேர்த்த லாரி ஃபிங்கரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காக்காரர், தொழிலால் படிகவியல் ஆராய்ச்சியாளர். வாஷிங்டனில் கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை செய்தவர். ஃபிங்கரைட் என்ற கனிமத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பிராட்காம் கார்டுகளுக்கு விவரக் குறிப்பே கிடைக்காத காலத்தில், பிராட்காமின் சொந்த டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து எழுதிய பி43 டிரைவரில் அவருக்கும் பங்கு உண்டு. அதன் பிறகு ரியல்டெக் டிரைவர்களைக் கவனித்துக்கொண்டார். எண்பது வயதைத் தாண்டியும் டிரைவர்களுக்கான திருத்தங்களை (பேட்ச்) அனுப்பிக்கொண்டிருந்தார். 2024 ஜூனில் காலமானார். கம்பி மாறிப்போன மலிவு லேப்டாப்களுக்காக ஒருவர் உட்கார்ந்து வழி செய்து கொடுத்ததால்தான் என் மெஷின் இன்று ஓடுகிறது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

இந்த வருடங்களில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இதுதான்: டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறதா என்பதுதான் ஒரு கார்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு வேகம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம்தான். கர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவரை நாமே கம்பைல் செய்து போட்டால், ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும், உண்மைதான். ஆனால் புது கர்னலில் ஏதாவது மாறியிருந்தால் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும், காலையில் மெஷினைத் திறந்தால் வைஃபை இருக்காது. கையெழுத்தில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் இன்னும் ஒரு படி: நாம் கட்டிய மாட்யூலுக்குக் கையெழுத்துச் சாவி உண்டாக்கி, ரீஸ்டார்ட் ஆகும்போது வருகிற நீலத் திரையில் அதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் திரையைத் தவறவிட்டால் மாட்யூல் ஏறாது. கர்னலோடு வரும் 8723பிஇ டிரைவருக்கு இந்த வேலை எதுவும் இல்லை, மின்ட் அப்டேட் எத்தனை வந்தாலும் அதுபாட்டுக்கு ஓடுகிறது.

வைஃபை இல்லாமல் டிரைவரையோ ஃபர்ம்வேரையோ (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) எப்படி இறக்குவது என்று தவிப்பவர்களுக்கு ஒன்று. ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை லேன் கேபிள் போலவே எடுத்துக்கொள்ளும், எதுவும் நிறுவ வேண்டாம். ஃபோன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே கடத்தித் தரும், மொபைல் டேட்டாகூடச் செலவாகாது. டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போடுகிறவர்கள் 12ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் அவர்கள் ஓட்டெடுப்பு நடத்தி முடிவெடுத்த பிறகு, ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகிறது.

வேகத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பேசும் கார்டு. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதிகபட்ச இணைப்பு வேகம் 72 எம்பிபிஎஸ், கையில் கிடைப்பது அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதல். வீடியோ பார்க்க, மீட்டிங் நடத்த, ஃபைல் அனுப்ப இது போதும். புளூடூத்தும் இதே கார்டில் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஆன்டெனா. புளூடூத் ஹெட்ஃபோனில் பாட்டு கேட்டுக்கொண்டே பெரிய ஃபைல் இறக்கினால் இரண்டும் தடுமாறும். இதற்கு நான் தீர்வு எதுவும் கண்டுபிடிக்கவில்லை, மீட்டிங் என்றால் வயர் ஹெட்ஃபோன்தான்.

கார்டையே மாற்றலாமா என்றால், முதலில் மூன்றைப் பாருங்கள். சில லேப்டாப்களின் பயாஸ், தான் அனுமதித்த கார்டு இல்லையென்றால் பூட் ஆகவே மறுக்கும். ஒற்றை ஆன்டெனா உள்ள மெஷினில் இரண்டு ஆன்டெனா கார்டு போட்டால் முழுப் பயன் கிடைக்காது. இன்டெல் வாங்குவதென்றால் ஏஎக்ஸ்201 வேண்டாம், அது பொருத்தமான இன்டெல் ப்ராசசர் உள்ள போர்டில் மட்டும்தான் வேலை செய்யும். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் சாதாரண பிசிஐஇ கார்டுகள், ஆனால் எம்.2 ஸ்லாட் வேண்டும். திறக்கவே மனமில்லை என்றால் யூஎஸ்பி அடாப்டர். அதில் பெட்டியின் மேல் உள்ள மாடல் பெயரை நம்பாதீர்கள், ஒரே பெயரில் உள்ளே சிப்பை மாற்றி விற்பதுண்டு. சிப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். மீடியாடெக் எம்டி7612யூ என்றால் 4.19 கர்னலிலிருந்தும், எம்டி7921ஏயூ என்றால் 5.18இலிருந்தும் டிரைவர் உள்ளேயே இருக்கிறது, மாட்டினால் ஓடும்.