லாலிக்கின் ‘ஆங்க்ர் நுவார்’: குளிருக்குப் போன வெட்டிவேர்

எங்கள் அலுவலகத்தில் பழைய வரைபடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார். அறுபதை நெருங்கும் வயது. நான் வேலை பார்க்கும் இந்தப் பிரெஞ்சு நகரம் ஸ்ட்ராஸ்பூர்க்கிலேயே பிறந்து வளர்ந்தவர். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து விளக்குகளைப் போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவார். கேட்டால் ஒழியப் பேச மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் ஜனவரியில் ஒரு நாள், வெளியே மைனஸ் 7 டிகிரி, லிஃப்டில் அவர் பக்கத்தில் நின்றேன். அவருடைய கம்பளி மஃப்ளரிலிருந்து ஒரு வாசனை வந்தது. கடலூர் பக்கம் நொச்சிக்காடு கிராமத்தில் சித்தப்பா வீட்டுத் தாழ்வாரத்தில் வேர்க்கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் மூலை இருக்கிறதே, அங்கே அடிக்கும் வாசனை. மூன்று மாடி ஏறுவதற்குள் கேட்டே விட்டேன், என்ன சென்ட் போட்டிருக்கிறீர்கள் என்று.

“வெத்திவேர்” என்றார்.

அது எங்கள் மொழிச் சொல் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மதியம் என் மேசைக்கு வந்து, “அகராதியில் பார்த்தேன், ‘தமூல்’ என்றுதான் போட்டிருக்கிறது. நீங்கள் சொன்னது சரி” என்றார். பிரெஞ்சில் தமிழுக்குப் பெயர் தமூல். ஒன்றரை வருஷத்தில் அவர் தானாக வந்து என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அப்புறம் ஒரு சின்னத் தாளில் சென்ட்டின் பெயரை எழுதிக் கொடுத்தார்: ஆங்க்ர் நுவார். கறுப்பு மை என்று அர்த்தம்.

அந்த வாரமே வாங்கினேன். இது எனக்கு மூன்றாவது குளிர்காலம், இரண்டாவது பாட்டில். இப்போது எழுதினால் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

இந்த சென்ட்டை விற்கும் லாலிக் என்பது அடிப்படையில் ஒரு கண்ணாடிக் கம்பெனி. ரெனே லாலிக் நூறு வருஷத்துக்கு முன்பே வாசனைத் திரவியக்காரர்களுக்குப் பாட்டில் செய்து கொடுத்துப் பெயர் வாங்கியவர். அவருடைய தொழிற்சாலை ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து ரயிலில் போய் வரக்கூடிய தூரத்தில், வோஜ் மலைக்காட்டு ஓரம், விங்கன் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. 2011-இல் அங்கே ஒரு அருங்காட்சியகமும் திறந்தார்கள். போன நவம்பரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாட்டில்கள் அழகுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, ரயில் நிலையத்திலிருந்து நடந்து போன வழி. இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள், கீழே நனைந்து மக்கிய இலைகள், எங்கோ ஒரு வீட்டின் விறகுப் புகை. ஆங்க்ர் நுவாரின் முதல் அரை மணி நேரம் அச்சு அசலாக இந்த வாசனைதான்.

2006-இல் வந்த சென்ட் இது. உருவாக்கியவர் நத்தாலி லோர்சோன். பாட்டில் சதுரமாக, கறுப்பாக, மைக்கூடு போல இருக்கும். மூடி மரம். அடித்ததும் முதலில் வருவது சைப்ரஸ் மரம்: பச்சையாக, பிசின் கலந்து, கொஞ்சம் கசப்பாக. உண்மையைச் சொல்ல வேண்டும், இந்த முதல் பத்து நிமிடம் பலருக்குப் பிடிக்காது. என் தோழி ஒருத்தி மழைநாள் கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கிறது என்றாள். இந்த நாட்டில் கல்லறைத் தோட்டங்களில் சைப்ரஸ் நடுவது வழக்கம் என்பதால் அவள் மூக்கு சொன்னது பொய்யில்லை. ஆனால் பொறுத்திருந்தால் அந்தப் பச்சை மெல்ல அடங்கி வேர் மேலே வருகிறது. மண்ணிலிருந்து பிடுங்கி உதறிய வேர். உலர்ந்தும் உலராமலும், நுனியில் லேசான புகையோடு. ஹெய்ட்டி வெட்டிவேர், ரீயூனியன் தீவின் வெட்டிவேர் என்று இரண்டு வகையைச் சொல்கிறார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு மூக்கு இல்லை. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்பது கஸ்தூரியும் கேஷ்மரானும். கேஷ்மரான் எந்த மரத்திலும் கிடைப்பதில்லை, ஆய்வகத்தில் செய்வது. வெயில் பட்ட மரப்பெட்டிக்குள் கம்பளியை மடித்து வைத்தது போல இதமாக இருக்கும். அந்தக் கடைசிப் பகுதிக்காகவே மறுபடியும் வாங்கினேன்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வாசனைத் தொழிலில் வெட்டிவேரை மர வாசனைகளோடு சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது மரமே இல்லை, புல். எலுமிச்சைப் புல்லுக்குச் சொந்தம். சித்தப்பா கடலோர மணலில் நாற்று வைத்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துத் தோண்டுவார். மணல் என்பதால்தான் வேர் அறுபடாமல் வரும். களிமண்ணாக இருந்தால் பாதி மண்ணுக்குள்ளேயே போய்விடும். மேலே இருக்கும் புல்லில் வாசனை கிடையாது. அத்தனையும் கீழே, இருட்டில். அந்த வேரை மணிக்கணக்காக ஆவியில் வேகவைத்துத்தான் எண்ணெய் எடுக்கிறார்கள். கெட்டியான, மெதுவாகக் காற்றில் கலக்கும் எண்ணெய் அது. மற்ற வாசனைகளையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மர வாசனைகளோடு அதைச் சேர்த்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நமக்கு வெட்டிவேர் என்றால் கோடை. பானைத் தண்ணீரில் ஒரு முடிச்சு, ஜன்னலில் தட்டி, அதன்மேல் தெளிக்கும் தண்ணீர். இங்கே அதே வேரைக் குளிருக்குப் போட்டுக்கொள்கிறார்கள் என்பது முதலில் எனக்கு விநோதமாக இருந்தது. போன வருஷம் மே மாதம் ஊருக்குப் போனபோது இந்தப் பாட்டிலையும் எடுத்துப் போனேன். 39 டிகிரி வெயில். இரண்டு முறை அடித்துக்கொண்டு வெளியே வந்தேன். “என்னடி இது, அடுப்புக்குள்ள உக்காந்துட்டு வந்த மாதிரி இருக்கு” என்றார் அம்மா. அவர் சொன்னது சரிதான். வெயிலில் எல்லா அடுக்கும் ஒரே நேரத்தில் எழும்பி, புகையும் கசப்புமாக மூக்கில் ஏறிவிட்டது. தட்டியிலும் பானையிலும் வேரைக் குளிர்ச்சியாக்குவது தண்ணீர். தண்ணீர் இல்லாத வேர் சூடானது, கனமானது. குளிரில்தான் இந்த சென்ட் ஒவ்வொரு அடுக்காக நிதானமாகப் பிரிகிறது. மூடுபனி இருக்கும் காலை என்றால் இன்னும் நல்லது. டிராம் நிறுத்தத்தில் மூச்சு ஆவியாகப் போகும்போது, கோட்டின் கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரும். பூஜ்யத்திலிருந்து 10 டிகிரி வரை இதற்கு உரிய பருவம் என்பேன். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ டிசம்பரில் போனால் போட்டுப் பாருங்கள். சென்னைக்கு வேண்டாம்.

யாருக்குப் பொருந்தும்? வந்ததும் வராததுமாக அறை முழுக்கத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இது கைகொடுக்காது. கல்யாண வரவேற்பில் நாலு பேர் நின்று கேட்க வேண்டும் என்றால் வேறு எத்தனையோ இனிப்பான சென்ட்கள் இருக்கின்றன. இது அமைதியானவர்களுக்கானது. அமைதி என்றால் கூச்சத்தைச் சொல்லவில்லை. பேச்சில் விழும் இடைவெளியைப் பார்த்துப் பயப்படாதவர்களைச் சொல்கிறேன். சொன்ன நேரத்துக்கு வருபவர்கள், ஒரு வேலையை எடுத்தால் முடிக்கும்வரை அதைப் பற்றிப் பேசாதவர்கள், கடிதத்தை இன்னும் கையால் எழுதுபவர்கள். பழகப் பழகத்தான் அவர்களிடம் இருக்கும் கனிவு தெரியும். இந்த சென்ட்டும் அப்படித்தான், முதல் பத்து நிமிடத்தை வைத்து முடிவு செய்தால் இழப்பு நமக்குத்தான். அந்த வரைபட அறைக்காரர் ஒரு நாள் என்னை அழைத்து, 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி வரைபடம் ஒன்றை மேசையில் விரித்துக் காட்டினார். பக்கத்தில் என் ஊரும் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, விரலால் மட்டும் தொட்டுக் காட்டினார். ஆங்க்ர் நுவார் யாருக்கு என்று என்னைக் கேட்டால் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது.

ஆண்களுக்கான சென்ட் என்றுதான் இதை விற்கிறார்கள். நான் பெண். மூன்று குளிர்காலமாகப் போட்டுக்கொள்கிறேன், எனக்குப் பொருந்துகிறது. தலைமுடிக்கு வெட்டிவேர் எண்ணெய் தேய்த்து வளர்ந்த பெண்கள் யாரும் இதற்குத் தயங்க வேண்டியதில்லை.

வாங்குவது பற்றி. 100 மி.லி. பாட்டிலை நான் 30 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கினேன். இந்தத் தரத்துக்கு அது குறைந்த விலை. ஆனால் முகராமல் வாங்காதீர்கள். கடையில் அட்டையில் அடித்துப் பார்த்தால் சைப்ரஸ் மட்டும்தான் தெரியும். மணிக்கட்டில் அடித்துக்கொண்டு வெளியே போய் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள். என் தோலில் ஆறு மணி நேரம் நிற்கிறது, அதில் கடைசி மூன்று மணி நேரம் ரொம்ப நெருங்கி வந்தால்தான் தெரியும். சிலசமயம் போய்விட்டது என்று நமக்குத் தோன்றும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துகொண்டிருக்கும். அதனால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். சட்டைக்குள் நெஞ்சில் ஒன்று, மஃப்ளரில் ஒன்று, போதும்.

2015-இல் வந்த ‘ஆ லெக்ஸ்த்ரேம்’ என்ற இன்னொரு வடிவமும் இருக்கிறது. அதில் சாம்பிராணி சாயல் கூடி, வேர் மென்மையாகி, எல்லாம் வழவழப்பாக இருக்கிறது. முதலாவது கரடுமுரடாகப் பட்டவர்களுக்கு அது பிடிக்கும். எனக்கு மண் ஒட்டிய வேர்தான் வேண்டும். வெட்டிவேரில் வெளிச்சமான வாசனை தேடுபவர்கள் கெர்லேன் கம்பெனியின் ‘வெத்திவேர்’ பக்கம் போகலாம். எலுமிச்சையும் புகையிலையுமாக, சலவை செய்த வெள்ளைச் சட்டை போல இருக்கும் அது. ஏப்ரலுக்கு மேல் நான் அதற்கு மாறிவிடுவேன்.

ஊரிலிருந்து கிளம்பும்போது சித்தப்பாவிடம் பாட்டிலை நீட்டினேன். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு, கண்ணை மூடி ரொம்ப நேரம் முகர்ந்தார். “வேர் நம்ம வேர்தாம்மா. கூட என்னமோ மரம் சேத்திருக்கான், அது நம்ம ஊரு மரமில்ல” என்றார். பிறகு உள்ளே போய்க் காய்ந்த வேர்க்கட்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து, “இதக் கொண்டுபோய் அந்த ஆபீஸ்காரருக்குக் குடு” என்றார். கொடுத்தேன். வரைபட அறையில் அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது.