பழைய லேப்டாப்புக்கு ஸ்கார்லெட் சோலோ போதுமா?

தாராளமாகப் போதும். நான் பேசுவது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவின் மூன்றாம் தலைமுறை மாடல் பற்றி; மைக்கின் ஒலியை கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி இது. என் லேப்டாப் 4 ஜிபி ரேம், டூயல் கோர், பேட்டரி எப்போதோ போய்விட்டது, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எஸ்எஸ்டியாக மாற்றியிருக்கிறேன். பெட்டியோடு வரும் கேபிளின் ஒரு முனை சாதாரண யுஎஸ்பி ஏ என்பதால் பழைய போர்ட்டிலேயே செருகலாம், தனி பவர் அடாப்டரும் வேண்டாம்.

பாடும்போது நம் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்பதுதான் பழைய கம்ப்யூட்டரில் பெரிய தலைவலி. இதில் முன்பக்கம் டைரக்ட் மானிட்டர் ஸ்விட்ச் இருக்கிறது; போட்டால் குரல் கம்ப்யூட்டருக்குள் சுற்றி வராமல் நேராகக் காதுக்கு வந்துவிடும். அப்புறம் பஃபரை (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலியின் அளவு) 1024 வரை ஏற்றினாலும் கவலையில்லை, பிராசசர் மூச்சு வாங்காது, பதிவில் படபட சத்தமும் விழாது. பதிவின் தரத்துக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்தாலே போதும், 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் டிஸ்க்கைத்தான் நிரப்பும்.

மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைச் சுற்றி ஒரு ஒளி வளையம். அது பச்சையிலேயே இருக்கட்டும், சிவப்பு வந்தால் குரல் உடைகிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட்டும் கொடுக்கிறது. கீபோர்டு போன்ற கருவிகளை இணைக்கும் மிடி போர்ட் கிடையாது, மைக் இன்புட்டும் ஒன்றே ஒன்றுதான், அதனால் வீணையையும் மிருதங்கத்தையும் தனித்தனி மைக்கில் சேர்த்துப் பதிவு செய்ய நினைப்பவர்கள் வேறு பார்க்கலாம்.

பதிவு செய்யும் சாஃப்ட்வேருக்கு ரீப்பர் போடுங்கள். ரொம்ப லேசானது, 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம்.